சுழல் மின்னோட்டப் பாடத்திலிருந்து ஸ்பிண்டில் வரை: அண்மை உணரியும் பழுதறியும் முறையும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், மின்காந்தத் தூண்டல் அலகில், சுழல் மின்னோட்டம் ஒரு சிறு பகுதி. மின்தூண்டல் அடுப்பு, சுழல் மின்னோட்டத் தடுப்பி, உலோகத்தில் விரிசல் காணும் சோதனை எனச் சில பயன்களைப் பாடநூல் தருகிறது. மாணவர்கள் அவற்றை வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கருத்தைக் கையில் எடுத்து ஒரு வேலையைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்ததும் கணிசமானோர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று சேர்கிறார்கள். பிறகு திருச்சி சாலையில் துவாக்குடிக்கோ, கோயம்புத்தூருக்கோ, ஓசூருக்கோ வேலைக்குப் போகிறார்கள். திருச்சியில் 1965 முதல் இயங்கும் பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த சிறு தொழிற்கூடங்களிலும், கோவையின் பம்பு, ஜவுளி இயந்திரத் தொழிற்கூடங்களிலும் இன்று சி.என்.சி. இயந்திரங்கள் சாதாரணமாகிவிட்டன. 1962இல் ஜவுளி இயந்திரங்களுக்காகத் தொடங்கப்பட்ட கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பின்னாளில் சி.என்.சி. இயந்திரங்களையும் தயாரிக்கத் தொடங்கியது. 2022இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் தமிழக அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐ.டி.ஐ.கள் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்பட்டன. நம் வகுப்பறையிலிருந்து போகும் பிள்ளை அங்கே முதலில் பார்க்கப் போவது இந்த இயந்திரங்களைத்தான்.

அந்த இயந்திரத்தின் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில், விரல் பருமனில், முனையில் பிளாஸ்டிக் மூடியுடன் ஒரு சிறு உருளை இருக்கும். பட்டறையில் பிராக்ஸிமிட்டி சென்சார் என்பார்கள். தமிழில் அண்மை உணரி எனலாம். அது வேலை செய்வது சுழல் மின்னோட்டத்தால்தான். இந்தப் பாடத்தை அந்த உணரி வரை, அங்கிருந்து பழுதறிதல் வரை கொண்டு செல்ல நான்கு பாடவேளைகள் போதும். எங்கள் பள்ளியில் செய்துவரும் முறையை இங்கே பகிர்கிறேன்.

உணரிக்குள் நடப்பது என்ன?

புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடநூலில் தனித்தனியாக இருக்கும் நான்கு கருத்துகளை ஒரு கோட்டில் நிறுத்தினால் போதும்.

முதலாவது, எல்சி அலைவு. உணரியின் முனையில் பெரைட் உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து, நொடிக்குச் சில லட்சம் முறை அலைவுறும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இரண்டாவது, சுழல் மின்னோட்டம். அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் பாய்கிறது. உலோகம் மிக நுண்ணிய அளவில் சூடாகிறது. மூன்றாவது, ஆற்றல் அழியாமை. அந்த வெப்பத்துக்கான ஆற்றல் அலைவுச் சுற்றிலிருந்துதான் வரவேண்டும். எனவே அலைவின் வீச்சு குறைகிறது. நான்காவது, டிரான்சிஸ்டர் ஒரு சாவியாகச் செயல்படுதல். வீச்சு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் டிரான்சிஸ்டர் நிலை மாறுகிறது. உணரியின் பின்புறத்தில் இருக்கும் சிறு விளக்கு எரிகிறது.

ஊஞ்சலை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரே விசையில் தள்ளிக்கொண்டிருக்கும் ஊஞ்சலில் ஆடுபவர் காலைத் தரையில் உரசினால் ஆட்டம் குறையும். ஆட்டம் குறைந்ததை மட்டும் பார்த்தே கால் தரையைத் தொட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். உணரியும் உலோகத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. தன் ஆட்டம் குறைந்ததை மட்டுமே அது அறியும். இதை மாணவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பழுதறியும்போது எல்லாமே இதில்தான் நிற்கிறது.

வரலாற்றுக் குறிப்பு ஒன்றும் சேர்க்கலாம். மின்காந்தத் தூண்டலை ஃபாரடே கண்டறிந்தது 1831இல். சுழல் மின்னோட்டத்தை ஃபூக்கோ விளக்கியது 1855இல். அண்மை உணரி வந்தது 1958இல். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் இருந்த பெப்பர்ல் பூக்ஸ் என்ற சிறு நிறுவனம், பி.ஏ.எஸ்.எப். வேதித் தொழிற்சாலையின் தேவைக்காக இதை உருவாக்கியது. அமில ஆவியும் தீப்பற்றும் ஆபத்தும் உள்ள இடத்தில் ஒன்றையொன்று தொட்டு இயங்கும் சாவிகள் அரித்துப்போயின. தொடாமல் இயங்கும் சாவி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. கூலண்ட் தெறிக்கும் ஸ்பிண்டிலுக்கும் இதே காரணத்துக்காகத்தான் இந்த உணரி பொருந்துகிறது. எண்ணெயும் நீரும் அதன் முனையை நனைத்தாலும் பொதுவாக அதற்குப் பொருட்டில்லை.

செயல்பாடு 1: வீட்டுப் பாத்திரங்களும் கண்டறியும் தூரமும்

தேவையானவை: 12 மி.மீ. திருகு உடலும் 4 மி.மீ. கண்டறியும் தூரமும் உள்ள என்.பி.என். வகை உணரி ஒன்று (மின்னணுப் பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்), 12 வோல்ட் அடாப்டர், ஓர் எல்.இ.டி., 1 கிலோ ஓம் மின்தடை, அளவுகோல்.

இணைப்பு: பழுப்புக் கம்பி நேர்முனைக்கு. நீலக் கம்பி எதிர்முனைக்கு. கருப்புக் கம்பிதான் வெளியீடு. நேர்முனையிலிருந்து மின்தடை, எல்.இ.டி. வழியாகக் கருப்புக் கம்பிக்கு இணைக்க வேண்டும். எல்.இ.டி.யில் ஏறத்தாழ 2 வோல்ட் போக மீதம் 10 வோல்ட், 1000 ஓம் வழியாக 10 மில்லி ஆம்பியர். ஓமின் விதிக்கு ஒரு கணக்கும் ஆயிற்று.

முதல் நாளே மாணவர்களிடம் வீட்டிலிருந்து பல உலோகப் பொருள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்குக் கதிர் அரிவாள், எவர்சில்வர் தட்டு, நாச்சியார்கோவில் பித்தளை விளக்கின் தட்டு, அலுமினிய மூடி, செம்புத் தகடு, பிளாஸ்டிக் டப்பா, ஒரு பிடி நெல் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றின் தட்டையான பரப்பை உணரிக்கு நேராக மெல்ல நெருக்கி, விளக்கு எரியும் தூரத்தைக் குறிக்க வேண்டும்.

தயாரிப்பாளர்கள் தரும் தோராயமான குணகங்கள் இவை: மென் இரும்பு 1, எவர்சில்வர் 0.7, பித்தளை 0.4 முதல் 0.5, அலுமினியம் 0.4, செம்பு 0.3. அதாவது இரும்பை 4 மி.மீ.யில் அறியும் உணரி, செம்பை 1.2 மி.மீ. வரை நெருங்கினால்தான் அறியும். எவர்சில்வரின் வகையைப் பொறுத்தும், கையால் பிடிக்கும் சாய்வைப் பொறுத்தும் அளவுகள் சற்று மாறும். ஆனால் வரிசை மாறாது. நெல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் விளக்கு எரியாது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் தாமாகவே வெளிவரும். ஒன்று, "உள்ளே காந்தம் இருக்கு சார், இரும்பை இழுக்குது" என்பது. காந்தம் ஒட்டாத பித்தளைக்கும் விளக்கு எரிவதைக் காட்டினால் அது நீங்கும். மற்றொன்று ஆழமான கேள்வி: "அலுமினியம் நல்ல கடத்திதானே சார்? அதுல கரண்ட் நிறைய ஓடுமே. அப்புறம் ஏன் ரொம்பக் கிட்டப் போனாதான் எரியுது?"

இந்தக் கேள்விக்கு வீட்டு அடுப்பங்கரையிலேயே விடை இருக்கிறது. மின்தூண்டல் அடுப்பில் இரும்பு தோசைக்கல் சூடாகிறது. சாதாரண அலுமினியப் பாத்திரம் சூடாவதில்லை. உணரி அறிவது மின்னோட்டத்தை அல்ல, ஆற்றல் இழப்பை. நல்ல கடத்தியில், தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் சொந்தக் காந்தப்புலமே அந்த மின்னோட்டம் மேலும் பெருகாமல் தடுத்துவிடுகிறது. மின்னோட்டம் பெரிதாக மாறாதபோது, வெப்ப இழப்பு மின்தடையைப் பொறுத்தது. செம்பின் மின்தடை குறைவு, இழப்பும் குறைவு. இரும்பில் மின்தடையும் அதிகம். காந்தத் தன்மையால் மின்னோட்டம் மிக மெல்லிய மேற்பரப்புக்குள் ஒடுங்குவதால் இழப்பு மேலும் கூடுகிறது.

விரைவாகப் புரிந்துகொண்ட மாணவர்களுக்கு ஒரு புதிர் கொடுங்கள்: தடித்த அலுமினிய மூடியைவிட, சமையலறையில் பொதியப் பயன்படும் மெல்லிய அலுமினியத் தாளை இத்தகைய உணரி கூடுதல் தூரத்திலேயே அறிந்துவிடும், ஏன்? தாள் மெல்லியதாக இருப்பதால் மின்னோட்டத்தின் பாதை குறுகி மின்தடை கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. ஒரே உலோகத்தில் தடிமனை மட்டும் மாற்றி இந்த விளக்கத்தை அவர்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஸ்பிண்டிலில் எதற்காக?

சி.என்.சி. மெஷினிங் சென்டரில் வெட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு சுழலும் பகுதியே ஸ்பிண்டில். அதன் வாய் கூம்பு வடிவில் இருக்கும். 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. குறையும் சரிவு. கருவியைத் தாங்கும் பிடிப்பானின் மேல்நுனியில் புல் ஸ்டட் என்ற குமிழ் இருக்கும். ஸ்பிண்டிலின் நடுவே ஓடும் டிரா பார் என்ற தண்டு, தட்டு வில்களின் விசையால் அந்தக் குமிழை மேலே இழுத்துப் பிடிக்கிறது. நடுத்தர அளவு இயந்திரத்தில் இந்த இழுவிசை பொதுவாக ஏறத்தாழ ஒரு டன் எடைக்கு ஒப்பாக இருக்கும். கருவியை மாற்றும்போது ஓர் உருளை டிரா பாரைக் கீழே அழுத்த, பிடி விடுபடுகிறது.

இங்கே அண்மை உணரிக்கு முக்கியமாக மூன்று வேலைகள் உண்டு.

பிடிப்பை உறுதிசெய்தல்: டிரா பாரின் மேல்முனை மூன்று நிலைகளில் நிற்கும். முழுக்கக் கீழே இருந்தால் கருவி விடுபட்டது. நடுவில் இருந்தால் கருவி பிடிபட்டது. நடுவையும் தாண்டி மேலே போயிருந்தால் உள்ளே கருவியே இல்லை. இவற்றுக்கிடையே சில மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அதைச் சொல்பவை உணரிகள்.

திசை நிறுத்தம்: கருவி மாற்றும் கை வரும்போது ஸ்பிண்டில் எப்போதும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும்; அப்போதுதான் ஸ்பிண்டில் முகத்தின் சாவிக்கட்டைகள் பிடிப்பானின் பள்ளங்களில் பொருந்தும். எம்19 என்பது அதற்கான கட்டளை. இப்போது பல இயந்திரங்களில் என்கோடர் இதைச் செய்கிறது. வேறு பலவற்றில் சுற்றுக்கு ஒரு முறை உணரியைக் கடக்கும் ஓர் இரும்புக் கொடி செய்கிறது.

சுழற்சியைக் கவனித்தல்: ஸ்பிண்டில் உண்மையில் சுழல்கிறதா, எவ்வளவு வேகத்தில் என்று எண்ணுதல்.

செயல்பாடு 2: மிதிவண்டிச் சக்கரமே ஸ்பிண்டில்

சி.என்.சி. இயந்திரம் பள்ளியில் இல்லாவிட்டாலும் விலையில்லா மிதிவண்டி எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஒன்றைத் தலைகீழாக நிறுத்துங்கள். 25 மி.மீ. சதுர இரும்புத் தகட்டைப் பின்சக்கர ஆரக்கம்பிகளில் இறுக்கிக் கட்டுங்கள். அதுவே கொடி. உணரியை ஒரு மரத்துண்டில் துளையிட்டுப் பொருத்தி, சட்டகத்தோடு கட்டுங்கள். உணரி முனையின் பக்கவாட்டில் வேறு இரும்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியை எவ்வளவு வைப்பது? பெட்டியில் 4 மி.மீ. என்று எழுதியிருக்கிறதே என்று 4 மி.மீ. வைத்தால் விளக்கு சில சுற்றுகளில் எரியும், சிலவற்றில் எரியாது. ஐ.இ.சி. 60947-5-2 என்ற பன்னாட்டுத் தரப்படி, உணரிக்கு உணரி 10 விழுக்காடும், வெப்பநிலை, மின்னழுத்த மாற்றங்களால் மேலும் 10 விழுக்காடும் தூரம் குறையலாம். 0.9 × 0.9 = 0.81. எனவே உறுதியாக நம்பக்கூடிய தூரம் 4 × 0.81 = 3.24 மி.மீ. தான். சக்கரத்தின் ஆட்டத்தையும் சேர்த்து 2 மி.மீ. வைப்பது நல்லது. உணரியின் திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். கொடியைத் தொடும் வரை திருகி, இரண்டு சுற்று பின்னுக்கு எடுத்து, இருபுறமும் நட்டை இறுக்கினால் 2 மி.மீ. கிடைத்துவிடும்.

சக்கரத்தைச் சுழற்றி 10 நொடியில் விளக்கு எத்தனை முறை எரிகிறது என்று எண்ணினால் வேகம் கிடைக்கும். 20 முறை என்றால் நிமிடத்துக்கு 120 சுற்று.

அடுத்து உண்மையான ஸ்பிண்டிலுக்கான கணக்கு. நிமிடத்துக்கு 8000 சுற்று. கொடி 50 மி.மீ. ஆரத்தில் இருக்கிறது, அதன் அகலம் 10 மி.மீ. உணரியின் பெரும அதிர்வெண் நொடிக்கு 500. இந்த உணரி போதுமா?

நொடிக்கு 133 சுற்றுதானே, 500ஐவிடக் குறைவு, போதும் என்றே மாணவர்கள் முதலில் எழுதுவார்கள். மேலும் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி நொடி. சுற்றளவு 314 மி.மீ. 10 மி.மீ. கொடி உணரியைக் கடக்க 10 ÷ 314 × 7.5 = 0.24 மில்லி நொடி. ஆனால் 500 என்ற அளவு, உலோகம் ஒரு பங்கு, வெற்றிடம் இரண்டு பங்கு என்ற அமைப்பில் அளக்கப்பட்டது. அதன்படி ஒரு துடிப்பின் 2 மில்லி நொடியில் உலோகம் எதிரே நிற்பது 0.67 மில்லி நொடி. எனவே 0.24 மில்லி நொடியில் கடக்கும் கொடியை இந்த உணரி தவறவிடலாம். கொடியை 40 மி.மீ. அகலமாக்கினால் 0.95 மில்லி நொடி கிடைக்கும், போதும். குறைந்த வேகத்தில் சரியாக இயங்கி, அதிவேகத்தில் மட்டும் பிழை காட்டும் இயந்திரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

செயல்பாடு 3: ஒளித்துவைத்த பழுதுகள்

இந்தப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் விரும்பும் பகுதி இது. நால்வர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் வெளியே நிற்கும்போது ஆசிரியர் ஒரு பழுதை வைக்க வேண்டும். நான் வைப்பவை: நீலக் கம்பியைக் கழற்றிவிடுதல், நட்டைத் தளர்த்தி இடைவெளியை 5 மி.மீ. ஆக்குதல், இரும்புக் கொடிக்குப் பதிலாக அதே அளவு அலுமினியத் தகடு, உணரி முனையில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைச் சிறிது ஒட்டிவைத்தல், எல்.இ.டி.யை மாற்றித் திருப்புதல். உணரியை மரத்துக்குப் பதில் இரும்புத் தகட்டின் துளைக்குள் முனை வெளியே தெரியாதபடி பொருத்துதல்.

விதிகள் இரண்டுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும் முன் "இது காரணமானால் இன்னது நடக்கும்" என்று தாளில் எழுத வேண்டும். எழுதாமல் கம்பியை அசைத்துப் பார்த்துச் சரியாக்கிவிட்டால் மதிப்பெண் இல்லை.

வழிகாட்டியாக நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

1. உணரிக்கு மின்சாரம் வருகிறதா? பழுப்புக்கும் நீலத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். வகுப்பில் 12 வோல்ட், இயந்திரத்தில் பெரும்பாலும் 24 வோல்ட்.

2. இரும்பைக் கையால் காட்டினால் உணரியின் சொந்த விளக்கு மாறுகிறதா? மாறினால் உணரி நலமாக இருக்கிறது. இடைவெளி, கொடியின் உலோகம், கொடியின் அகலம் ஆகியவற்றைப் பாருங்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் முனையில் சீவல் ஒட்டியிருக்கலாம், அல்லது பக்கத்து இரும்பையே அது அறிந்துகொண்டிருக்கலாம்.

3. விளக்கு மாறுகிறது, செய்தி மறுமுனைக்குப் போகிறதா? கருப்புக்கும் நீலத்துக்கும் இடையே அளக்க வேண்டும். என்.பி.என். வகையில் உலோகம் எதிரே இருந்தால் ஏறத்தாழ சுழியம், இல்லாவிட்டால் முழு மின்னழுத்தம், பி.என்.பி. வகையில் இது தலைகீழ். பழைய உணரிக்கு மாற்றாக வேறு வகையைப் பொருத்தினால் விளக்கு அழகாக எரியும், இயந்திரத்துக்கு மட்டும் எதுவும் தெரியாது. கூலண்ட் புகுந்த இணைப்பான், அசைந்து அசைந்து உள்ளே அறுந்த கம்பி ஆகியவையும் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

4. செய்தி போய்ச் சேருகிறது. இயந்திரம் இன்னும் பிழை காட்டுகிறது. அப்படியானால் உணரி சொல்வது உண்மையாக இருக்குமா?

நான்காவது கேள்விக்குத் தனி நேரம் தேவை

என்னிடம் படித்த ஒருவர் இப்போது வெளியூரில் ஒரு தொழிற்கூடத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வந்தபோது மாணவர்களிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். கருவி பிடிபடவில்லை என்று ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றது. உடன் இருந்தவர்கள் உணரியை அரைச் சுற்று நகர்த்திவிடலாம் என்றார்கள். அரைச் சுற்று என்றால் அரை மில்லிமீட்டர். எச்சரிக்கை உண்மையிலேயே நின்றிருக்கும். அவர் முதலில் வேறு கருவிகளை மாட்டிப் பார்த்தார். ஒரே ஒரு பிடிப்பானுக்கு மட்டும்தான் எச்சரிக்கை வந்தது. அதன் புல் ஸ்டட் தளர்ந்து சற்று வெளியே வந்திருந்தது. டிரா பார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உணரி அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

"சென்சாரை நகர்த்தியிருந்தா என்ண்ணே ஆகியிருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "அந்த ஸ்டட் கழண்டா டூல் பறந்து வரும்மா. எதிர்ல யாரு நிக்கிறாங்களோ அவங்க பாடு" என்றார் அவர். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இதை மாணவர்களுக்கு இவ்வளவு தெளிவாகவே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. உற்பத்தி நிற்கும்போது உணரியின் கம்பிகளை ஒன்றாக முறுக்கி எச்சரிக்கையை வாயடைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் மேலே இருப்பவர் அப்படிச் செய்யச் சொன்னால் மறுப்பது எளிதல்ல. ஆனால் அந்தச் செய்தி எதைக் காக்கிறது என்று தெரிந்தவனுக்கு, "அண்ணே, ஒரு நிமிஷம், ஸ்டட்டைப் பாத்துடலாம்" என்று சொல்லவாவது வாய் வரும்.

உணரியின் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது டிரா பாரின் இடத்தை மட்டுமே அறியும், இழுவிசையை அறியாது. தட்டு வில்கள் களைத்து விசை பாதியாகக் குறைந்தாலும் டிரா பார் சரியான இடத்தில் நிற்கக்கூடும்; உணரியும் எல்லாம் நலம் என்றே சொல்லும். அதனால்தான் நல்ல தொழிற்கூடங்களில் இழுவிசையைத் தனிக் கருவியால் அவ்வப்போது அளக்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் உடனே உணரியைக் குறை சொல்லக் கூடாது. எச்சரிக்கை வராததாலேயே எல்லாம் சரி என்றும் இருந்துவிடக் கூடாது. ஊஞ்சல் எடுத்துக்காட்டை இங்கே நினைவூட்டுங்கள்: தன் ஆட்டம் குறைந்ததா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதவைப்பேன்: ஸ்பிண்டில் முழுமையாக நின்று, மின்சாரமும் காற்றழுத்தமும் துண்டிக்கப்பட்டு, பூட்டப்பட்ட பிறகே உள்ளே கை போக வேண்டும். செயல்பாட்டிலும் இதே ஒழுங்கு வேண்டும். சக்கரம் சுழலும்போது உணரியைத் தொடக் கூடாது. இரும்புத் தகட்டின் விளிம்புகளை அரத்தால் தேய்த்து மழுக்கிய பிறகே கட்ட வேண்டும்.

நம் ஊரிலேயே பார்க்கலாம்

ஸ்பிண்டிலைக் காட்டக் கோவைக்கு அழைத்துப் போக முடியாவிட்டாலும், டெல்டாவில் நவீன அரிசி ஆலை தூரமில்லை. நெல்லை மேலே ஏற்றும் வாளி ஏற்றிகளில், கீழ்த் தண்டின் முனையில் ஒரு போல்ட் தலையும் அதன் எதிரே ஓர் அண்மை உணரியும் இருக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை வழுக்கித் தண்டின் வேகம் குறைந்தால் துடிப்புகள் குறையும், மோட்டார் நிறுத்தப்படும். இல்லையென்றால் உராய்வில் பட்டை சூடாகி, தூசி நிறைந்த இடத்தில் தீப்பிடிக்கும். தவிட்டுத் தூசி ஒளி உணரியின் கண்ணை மறைக்கும். தூண்டல் உணரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதே ஆலையில் தொட்டியின் நெல் மட்டத்தை அறிய மின்தேக்கு வகை உணரி வைப்பார்கள். அது ஏன் என்பதை, முதல் செயல்பாட்டில் நெல்லுக்கு விளக்கு எரியாததைப் பார்த்த மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 8 மி.மீ. கண்டறியும் தூரம் கொண்ட உணரியை உறுதியாக நம்பக்கூடிய தூரம் இரும்புக்கு எவ்வளவு? பித்தளைக் கொடி என்றால் ஏறத்தாழ எவ்வளவு?

2. செம்பு இரும்பைவிட நல்ல கடத்தி. இருந்தும் கண்டறியும் தூரம் குறைவது ஏன்? மின்தூண்டல் அடுப்போடு ஒப்பிட்டு எழுதுக.

3. உணரியின் விளக்கு சரியாக மாறுகிறது. இயந்திரம் அதை அறியவில்லை. எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே அளப்பீர்கள்? என்ன எதிர்பார்ப்பீர்கள்?

4. ஓர் இயந்திரத்தில் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் பிடிப்பு எச்சரிக்கை வருகிறது. உணரியை மாற்றுவது சரியான முதல் படியா? காரணம் கூறுக.

5. நிமிடத்துக்கு 6000 சுற்று, 60 மி.மீ. ஆரம், 12 மி.மீ. கொடி. கொடி உணரியைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுக.

முதல் பாடவேளையில் உணரியின் உள்ளமைப்பும் முதல் செயல்பாடும், இரண்டாவதில் ஸ்பிண்டிலும் மிதிவண்டியும், மூன்றாவதில் ஒளித்துவைத்த பழுதுகள், நான்காவதில் நான்காம் கேள்வியும் மதிப்பீடும் என்று பிரித்துக்கொள்ளலாம். தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளிகளில் அந்த ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினால் இரு பிரிவு மாணவர்களுக்கும் பயன்படும். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. உணரி பல ஆண்டுகளுக்கு உழைக்கும். இந்த ஆண்டு செய்து பார்க்கும் ஆசிரியர்கள், பழுதுகளின் பட்டியலில் தங்கள் மாணவர்கள் கண்டுபிடித்த புதிய பழுதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலும் அப்படித்தான் நீண்டது.